ரெண்டு தடவை குத்திப் பார்த்தீங்களா, சிஸ்டர்?

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவருக்கு 24ஜி லைன் (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் மெல்லிய வென்ஃப்ளான்) போடக் கை வந்துவிட்டது என்ற செய்தி மாடி ஏறி மாடி இறங்க ஒரு வாரம் போதும். அதன்பிறகு அவருக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. “சிஸ்டர், ஒரே ஒரு லைன்தான். நீங்க வந்தா டக்குனு முடிஞ்சிரும்” என்று பக்கத்து வார்டிலிருந்து ஆள் வரும். கூப்பிட்டு அனுப்புகிறவர் பதினைந்து வருட சர்வீஸ்காரர். போகிறவர் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர். போய்விட்டுத் திரும்பினால் தன் வார்டில் பத்து மணி ஊசி பதினொன்றரைக்கு நகர்ந்திருக்கும். அதற்கு மெமோ வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும்.

இப்படி ஓராண்டு ஓடிய பெண் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் வார்டு மாற்றம் கேட்டால், “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல” என்கிறார்கள். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று எழுத வேண்டும், வாய்க்கு இன்னும் பழகவில்லை) பணி ஓய்வு விழாக்களில் இந்தப் புகாரைக் கேட்காமல் டீ குடிக்க முடியாது. இதை எழுதுபவரும் வார்டிலேயே தலை நரைத்தவர். மூத்தவர்கள் பக்கம் பேச வேண்டியவர். இந்த ஒரு விஷயத்தில் அவரால் அது முடியவில்லை.

வெளியே இருப்பவர்கள் லைன் போடுவதை ஊசி குத்துவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன எட்டு மாதக் குழந்தையின் முன்னால் அந்த மஞ்சள் வென்ஃப்ளானைப் பிடித்து நின்றவருக்குத்தான் விஷயம் தெரியும். வெயின் கண்ணுக்குத் தெரியாது. தொட்டுத் தேட வேண்டும். விரல் நுனியில் மட்டும் அது ஈர நூல் மாதிரி எழும்பி அமுங்கும். டூர்னிகேட்டை இறுக்கினால் குத்தியதும் வெயின் வெடித்து வீங்கும், தளர்த்தினால் எழும்பவே எழும்பாது. பெரியவர்களுக்குப் பிடிக்கிற சாய்வில் பிடித்தால் ஊசி எதிர்ச்சுவரையும் துளைத்துக்கொண்டு போய்விடும்; பச்சைப் பிள்ளைக்கு அது ஏறக்குறையத் தோலோடு படுத்திருக்க வேண்டும்.

ரத்தம் எட்டிப் பார்த்ததும் புதியவர்கள் சந்தோஷத்தில் அப்படியே குழாயைத் தள்ளிவிடுவார்கள். அங்கேதான் லைன் போகும். அந்த நொடியில் உள்ளே போயிருப்பது ஊசியின் முனை மட்டும். பிளாஸ்டிக் குழாய் இன்னும் வாசலில் நிற்கிறது. ஊசியை இன்னும் தாழ்த்தி, ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ முன்னே கொண்டுபோய், அதற்கப்புறம்தான் குழாயை நகர்த்த வேண்டும். தடுத்தால் உருவிய ஊசியை மறுபடி குழாய்க்குள் விடக்கூடாது. விட்டால் பிளாஸ்டிக் நறுக்குண்டு ரத்தத்தோடு போய்விடும். கையில் கிடைக்காவிட்டால் கணுக்கால்: உள்கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் ஸஃபீனஸ் ஓடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை நம்பிப் போகலாம். இவ்வளவும் அம்மா ஒரு பக்கம் அழ, பிள்ளை ஒரு பக்கம் உதைக்க, பாட்டி “விட்டுடுங்கம்மா” என்று முந்தானையைக் கடிக்க நடக்க வேண்டும்.

இதை எழுதுபவருக்கு இந்தக் கை ஒரு மலையாளி சேச்சியிடமிருந்து வந்தது. யார் எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்தவர் கையிலிருந்து ஊசியை அவர் வாங்கமாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். “தாழ்த்து. இன்னும் தாழ்த்து. அவசரப்படாதே மோளே, குஞ்ஞு எங்கேயும் போகாது.” முதல் குத்து தவறினால், பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த இடத்தையும் நீயே தேடு என்பார். இரண்டாவதும் தவறினால்தான் அவர் கை முன்னால் வரும். அப்போதும் வேடிக்கை பார்க்க விடமாட்டார். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்வார்; ரத்தம் வந்ததும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்; முடிந்ததும், “நீ ரெண்டாவது தடவை எங்கே விட்டே?” என்று கேட்பார். பதில் சொல்லாமல் கை கழுவப் போக முடியாது.

வார்டில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. வேலையைத் தாமதப்படுத்துகிறார், சின்னப் பிள்ளைகளை வைத்துப் படிப்பு நடத்துகிறார் என்று டாக்டர்களே முணுமுணுப்பார்கள். ஆனால் அவரோடு நைட் பார்த்தவர்களில் கை வராமல் போனவர்கள் குறைவு. ஓய்வு பெற்ற அன்று போர்த்திய சால்வையைத் தவிர எந்த விருதும் அவர் வீட்டுக்கு வரவில்லை.

சேச்சி பழக்கத்தால் செய்தது இன்று அச்சிட்ட விதி. அமெரிக்காவின் இன்ஃப்யூஷன் நர்ஸஸ் சொசைட்டி 2016இல் வெளியிட்ட நெறிமுறை, ஒரு செவிலியர் ஒரு நோயாளிக்கு இரண்டு முறைக்கு மேல் முயலக்கூடாது, எல்லோருமாகச் சேர்ந்தும் நான்கைத் தாண்டக்கூடாது என்றது. வார்டுகளில் இந்த விதியின் பாதி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்தவரைக் கூப்பிடலாம் என்பது அந்தப் பாதி. கூப்பிடுகிறவர் அதற்கு முன் தானே முயன்றிருக்க வேண்டும் என்பது மறுபாதி. அதைக் கேட்டால் முகம் சுருங்குகிறது.

இரண்டு முறை தவறவிட்டு, வியர்த்துப்போய் வந்து கூப்பிடுகிறவருக்காக ஓடுவதில் எந்தச் செவிலியருக்கும் சலிப்பு கிடையாது. இன்று அவர், நாளை நாம். சலிப்பு வருவது பாக்கெட்டே பிரிக்காமல் கூப்பிடுகிறவரிடம். அந்த மூத்தவரின் கை மாதத்துக்கு மாதம் மறந்துகொண்டே வரும். இளையவர் லீவில் போன ராத்திரியில் அந்த வார்டில் லைன் போட ஆளே இருக்காது.

சென்னையில் அப்படி ஒரு ராத்திரி வந்தால் அடுத்த மாடியில் அனஸ்தீசியா டாக்டர் இருப்பார். நிகோபார் தீவுகளின் காமோர்ட்டாவில், கேம்பல் பேயில் அடுத்த மாடி கிடையாது. கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கப்பல் தன் நாளில்தான் வரும். வானம் மூடினால் ஹெலிகாப்டர் எழும்பாது. வடக்கே திக்லிப்பூர் பக்கம் நெல் அறுப்புக் காலத்தில் எலிக்காய்ச்சல் வரும். ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று ஊரை நடுங்கவைத்த நோய் அதுதான் என்று 1990களில் ஐ.சி.எம்.ஆரின் போர்ட் பிளேர் ஆய்வு மையம் உறுதி செய்தது. பிளேட்லெட் இறங்கிய அந்த நோயாளிக்கு ஒவ்வொரு வீண் குத்தும் ஒரு ரத்தக்கட்டு. அவரைக் கப்பலுக்கு ஏற்றும் முன் ஓடுகிற லைன் ஒன்று கட்டாயம் வேண்டும். அதைப் போட அன்றைக்கு டூட்டியில் யார் இருக்கிறாரோ, அவருக்குக் கை இருந்தாக வேண்டும்.

லைன் மட்டும் என்றில்லை. தீவுகளில் மொழியும் ஒரு கைத்தொழில். 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேர். அதில் வங்காளி ஏறக்குறைய 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, பிறகு நிகோபாரி, மலையாளம். வார்டுக்குள் ஓடுவது அந்தமான் இந்தி. வலி வந்தால் அது வாயில் வராது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பாட்டி, “நெஞ்சு கரிக்குது” என்று சொன்னால், அது எரிச்சலா அடைப்பா என்று கேட்டுப் பிரிக்கத் தமிழ் தெரிந்த சிஸ்டர் வேண்டும். கூப்பிடுவது நியாயம். ஆனால் அந்தப் பாட்டியின் பெட்பேன், மருந்து, டிஸ்சார்ஜ் விளக்கம், மகனின் கோபம் எல்லாமே “உங்க ஊர் ஆளுதானே” என்று அதே தமிழ்ப் பெண்ணின் தலையில் விழும். பத்து வருடம் தமிழ் நோயாளிகளைப் பார்த்தும், “எங்க வலிக்குது?” என்ற இரண்டு சொல்லைக் கற்றுக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

மேடைகளில் இந்தச் சலிப்புக்கு விடையாக ஒரு பெயர் சொல்லப்படும்: சாந்தி தெரசா லக்ரா. சொல்ல வேண்டிய பெயர்தான். ஏ.என்.எம். ஆன அவர் 2001இல் லிட்டில் அந்தமானின் டுகாங் க்ரீக்கில், சுமார் நூறு பேர் மட்டுமே இருக்கும் ஓங்கே பழங்குடியினர் நடுவே பணிக்குப் போனார். அவர்கள் மொழியைப் பழகினார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குடியிருப்பு போனபின் அவர்களோடு காட்டுக்குள் கூடாரத்தில் இருந்தார். 2010இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது, 2011இல் பத்மஸ்ரீ. தீவுகளின் செவிலியர் எவருக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் முதுகு நிமிரும்.

அந்தப் பெயரை எங்கே எடுக்கிறார்கள் என்பதில்தான் வருத்தம். “அவங்க ஒத்தையா செஞ்சாங்க, உனக்கு ரெண்டு லைன் போடக் கசக்குதா?” என்று, சலித்துப்போன பெண்ணின் வாயை அடைக்க எடுக்கிறார்கள். டுகாங் க்ரீக்கில் சாய்ந்துகொள்ள வேறு தோள் இல்லை. இங்கே ஷிஃப்ட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கு பேர் வேலையை ஒருவர் செய்வதைத் தியாகம் என்று சொன்னால், மற்ற மூவர் செய்வதற்கும் ஒரு பெயர் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆள் போதவில்லை என்பது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்றது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு. போதனை மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் என்றது இந்திய நர்சிங் கவுன்சில். நாட்டின் எந்த அரசு வார்டுக்கும் ராத்திரியில் போய்ப் படுக்கைகளை எண்ணிப் பார்த்தால் இந்த எண்கள் எந்த அலமாரியில் தூங்குகின்றன என்று தெரியும். தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். பணி நிரந்தரமும் சம்பளமும்தான் கோரிக்கை. நிரந்தரக்காரர் செய்யும் அதே வேலை, பல வார்டுகளில் அதற்கு மேலும், தொகுப்பூதியக்காரர் தலையில் இருந்தது என்பது அந்தக் கோரிக்கைக்குள்ளேயே இருந்தது.

ஆனால் ஆள் பற்றாக்குறை எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. வேலை தெரிந்தவரைத் தேடி விழுகிறது. பாட்ரிசியா பென்னர் 1984இல் எழுதிய புத்தகத்தில், ஒரே மாதிரியான பணியில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தபிறகுதான் ஒரு செவிலியர் தேர்ச்சி என்ற படிக்கு வருகிறார் என்றார். அதற்குப் பத்து ஆண்டு முன்பே மார்லின் கிரேமர், படிப்பில் கற்றதும் வார்டில் கண்டதும் மோதுகிற அதிர்ச்சியில் செவிலியர்கள் வேலையை விட்டுப் போவதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். நம் வார்டுகளில் ஆறு மாதப் பெண்ணை நிபுணர் ஆக்கிவிடுகிறோம். லைனில் மட்டும் அவள் நிபுணர். மற்றதில் அவளுக்கு இன்னும் யாராவது சொல்லித்தர வேண்டும்; ஓடிக்கொண்டிருப்பவளை நிறுத்திச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை.

2016இல் மத்திய அரசு ஸ்டாஃப் நர்ஸை நர்சிங் ஆஃபீசர் ஆக்கியது. நர்சிங் சிஸ்டர், சீனியர் நர்சிங் ஆஃபீசர் ஆனார். பெயர்ப்பட்டியைப் புதிதாக அடித்துக் குத்திக்கொண்டோம். ஓவர் எடுக்கும் முறை மட்டும் கீழே போய்விட்டது. முன்பெல்லாம் படுக்கை படுக்கையாக நடந்து, போர்வையை விலக்கி, லைன் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் டூட்டியை வாங்குவார்கள். இப்போது மேசையில் உட்கார்ந்தபடி நோட்டைப் பார்த்து, “எல்லாம் ஸ்டேபிள்” என்று முடிகிறது. நாலு மணி, எட்டு மணி, பன்னிரண்டு மணி பாராமீட்டர் மூன்றும் ஒரே மூச்சில், ஒரே பேனாவில் நிரம்புகின்றன. கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகள் ரப்பர் கையில் பழகி வருகிறார்கள். ரப்பர் கையில் வெயின் ஒருநாளும் கொலாப்ஸ் ஆகாது, ரப்பர் கைக்கு அம்மாவும் இல்லை. அவர்கள் தெரியாமல் வருவது அவர்கள் குற்றமில்லை. கற்றுத்தர வேண்டியவர்கள், கற்றுக்கொண்ட ஓரிருவரைப் பிடித்துத் தங்கள் வேலைக்கு வைத்துக்கொள்வதுதான் குற்றம்.

வழி இல்லாமல் இல்லை. லைன் போட்ட தேதி, நேரம், கேஜ், இடம் என்று ஐ.வி. சார்ட்டில் கட்டங்கள் இருக்கின்றன. அதோடு இன்னொரு கட்டம் போதும்: யார் யார் முயன்றார்கள், எத்தனை முறை. மாதக் கடைசியில் டூட்டி ரோஸ்டர் போட உட்காரும் இன்சார்ஜ், அந்தக் கட்டத்தில் பெயரே வராதவர்கள் யார் என்று பார்க்கலாம். அவர்களை அடுத்த மாதம் இளையவரோடு நைட்டில் போடலாம். இந்த முறை கையைப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்க வேண்டியவர் இளையவர்; ஊசி மூத்தவர் கையில். இதைக் கூட்டத்தில் சொன்னபோது, “சீனியர்ஸ் மனசு நோகும்மா” என்ற பதில்தான் வந்தது. இளையவர்கள் மனம் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் கட்டம் வர நாளாகலாம். அதுவரை, அடுத்த பேட்ச் சேரும்போது முதல் ஆறு மாதம் அவர்களை வேறு வார்டுக்குக் கூப்பிடக்கூடாது, கூப்பிடுகிறவர் தான் இரண்டு முறை முயன்றதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுத்தான் ஆள் அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடலாம். அதற்குப் புதுப் பணியிடம் வேண்டாம், தில்லியின் ஒப்புதல் வேண்டாம். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஒருவரின் கையெழுத்து போதும்.