மூச்சும் முகமும்

பதுங்குகுழிப் போரில் உடலை மண் காத்தது. தலையை எஃகுக் கவசம் காத்தது. குழியின் விளிம்புக்கு மேல் எழுந்த முகத்தைக் காப்பதற்கோ ஏதுமில்லை. முதல் உலகப்போரில் தாடை சிதைந்தும் மூக்கிழந்தும் ஆயிரக்கணக்கான வீரர்கள் மருத்துவமனைகளை வந்தடைந்தனர்.

மருத்துவமும் பல் மருத்துவமும் பயின்ற வில்லியம் கெல்சி ஃபிரை, போர்முனையில் தாடை உடைந்த வீரர் ஒருவரைத் தலைகுனிந்த நிலையிலேயே நடத்திவந்து முதலுதவி நிலையத்தில் சேர்த்தார். அங்கிருந்தோர் வழக்கம்போல் அவரைத் தூக்குப்படுக்கையில் மல்லாத்திக் கிடத்தினர். சிறிது நேரத்தில் அவர் மூச்சடைத்து இறந்தார். தாடையெலும்பு உடைந்தால் நாக்கு தன் பிடிப்பை இழந்து பின்னே சரியும். குருதியும் தொண்டையில் தேங்கும். இத்தகையோரை முகம் கீழ்நோக்க வைத்தே கொண்டுசெல்ல வேண்டும் என்பதை ஓர் உயிரை விலையாகக் கொடுத்தே அறிய நேர்ந்தது. முக அறுவை மருத்துவரின் முதற்பணி முகத்தைச் சீராக்குவதன்று, மூச்சைக் காப்பதே.

நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்டு கில்லீஸ், இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் இராணுவ மருத்துவமனையில் முகக்காயப் பிரிவைத் தொடங்கினார். காயம்பட்டோர் பல மருத்துவமனைகளுக்குச் சிதறிப் போவதைத் தடுக்கத் தம் சொந்தச் செலவில் முகவரிச் சீட்டுகளை வாங்கிப் போர்முனைக்கு அனுப்பச் செய்தார். சீட்டு கட்டப்பட்ட வீரர் நேரே அவரிடமே வந்து சேர்ந்தார். கத்தியால் அவர் நிகழ்த்திய அருஞ்செயல்களுக்கு இச்சீட்டு சற்றும் குறைந்ததன்று.

1916 ஜூலையில் சோம் ஆற்றுப்பகுதியில் போர் மூண்டது. ஏறத்தாழ 200 பேரை எதிர்பார்த்திருந்த அப்பிரிவுக்கு வந்தவர்களோ 2000 பேர்! அடுத்த ஆண்டில் சிட்கப் நகரில் தனி மருத்துவமனையே எழுந்தது. அங்கு 5000க்கும் மேற்பட்டோருக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடைபெற்றன. காயத்தின் விளிம்புகளை இழுத்துத் தைத்துவிடும் அவசரத்தைக் கில்லீஸ் ஏற்கவில்லை. எஞ்சிய தசையை அதன் இயல்பான இடத்தில் முதலில் நிறுத்தினார். இழந்ததைப் பின்னர் மார்பிலிருந்தோ நெற்றியிலிருந்தோ கொணர்ந்தார். நெற்றித்தோலால் மூக்கமைக்கும் முறை இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கியதாகும்.

மயக்க மருந்து தரும் முகமூடி அறுவைக்கு இடையூறாயிற்று. போருக்குப் பின் அங்குப் பணியாற்றிய ஐவன் மகில், மூச்சுக்குழலுள் குழாய் செலுத்தி மயக்கமருந்து தரும் முறையைச் செம்மைப்படுத்தினார்.

ஓர் அறுவைக்கும் அடுத்த அறுவைக்கும் இடையில் வீரர்கள் ஊருக்குள் உலவினர். அவர்கள் அமர்வதற்கெனச் சாலையோர இருக்கைகள் சில நீலவண்ணம் பூசப்பட்டிருந்தன. எதிரே வருவோர் திடுக்கிடாதிருக்கவே அந்த ஏற்பாடு. மருத்துவமனைக் கூடங்களிலோ கண்ணாடிகள் விலக்கப்பட்டிருந்தன.