அடிவானம் இல்லாத கடற்கரைகள்

தெற்குக் கொல்கத்தாவில் கரியாஹாட் சந்தை இரைச்சலைத் தாண்டி இந்துஸ்தான் சாலைக்குள் திரும்பினால் எக்ஸ்பெரிமென்டர் கலைக்கூடம். பிரதீக் ராஜா, பிரியங்கா ராஜா இருவரும் 2009-இல் தொடங்கியது. பாலிகஞ்ச் பிளேஸில் இன்னொரு கூடம் உண்டு. 2022 முதல் மும்பையிலும் ஒன்று. கடலைப் படமெடுக்கப் பழகுகிறவர்கள் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு வந்து நிற்க வேண்டிய இடம் இது என்று உறுதியாகச் சொல்வேன்.

கொல்கத்தாவின் புகைப்பட ஆர்வலர்களுக்குக் கடல் என்றால் தீகா, மந்தார்மணி. விடியலுக்கு முன்பே டிரைபாட் ஊன்றி, லென்ஸில் கறுப்பு ஃபில்டர் மாட்டி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பார்கள். அலை பனிப்புகையாகிவிடும். நடுவில் ஒற்றைப் படகு, மேலே சிவந்த வானம். உழைப்பு வேண்டிய வேலைதான். ஆனால் அந்தப் படத்தில் கரையில் வாழ்கிற மனிதர் யாரும் மிஞ்சுவதில்லை.

இந்தக் கூடத்தின் கலைஞர்களான இருவர் வேறு வழியில் போனவர்கள்.

சோரப் ஹுரா 1981-இல் வங்கத்தின் சின்சுராவில் பிறந்தவர், மேக்னம் என்ற புகைப்படக்காரர் கூட்டுறவின் உறுப்பினர். இந்தியக் கடலோரங்களில் எடுத்த படங்களை 'தி கோஸ்ட்' என்ற புத்தகமாக்கினார். 2019-இல் பாரிஸ் ஃபோட்டோ–அப்பர்ச்சர் விருதுகளில் அது ஆண்டின் சிறந்த புகைப்பட நூலாகத் தேர்வானது. பளீரென்ற ஃபிளாஷ், அடர்ந்த நிறங்கள், நெருக்கத்தில் மனித முகங்கள். அழகிய கடலைத் தேடிப் பக்கம் புரட்டுகிறவருக்குக் கிடைப்பது வன்முறையின் பதற்றம். தலையைப் பறிகொடுத்த மது என்ற பெண்ணின் சிறுகதை அதில் 12 முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் சிறு மாற்றங்களோடு. படங்களும் பக்கத்துப் படம் மாறி மறுபடி வருகின்றன. துணை மாறியதும் ஒரே முகம் ஓரிடத்தில் அச்சமாகவும் வேறிடத்தில் களிப்பாகவும் படுகிறது. படத்தை எடுத்ததோடு வேலை முடியவில்லை, அடுக்குவதில் பாதி இருக்கிறது என்பது அங்கேதான் உறைத்தது.

அதே பெயரில் அவர் ஒரு குறும்படமும் எடுத்தார். தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமம் ஒன்றின் திருவிழா. இரவில் மக்கள் கடலுக்குள் இறங்குகிறார்கள், அலை மோதி விழுகிறார்கள், எழுகிறார்கள். நமக்குப் பழகிய காட்சி. இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை?

சௌம்ய சங்கர் போஸின் கரை வேறு, சேறும் அலையாத்திக் காடுமான சுந்தரவனம். மத்திய இந்தியாவின் தண்டகாரண்யத்திலிருந்து 1978-இல் கிளம்பிய வங்க அகதிகள் அங்குள்ள மரிச்ஜாபித் தீவில் குடியேறினார்கள். 1979 ஜனவரியில் அரசு தீவை முற்றுகையிட்டது. மே மாதம் அவர்களை வெளியேற்றியது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றும் தீராத சர்ச்சை. நடந்த காலத்தில் பிறந்திராத போஸ், தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டார். அவர்கள் நினைவில் தங்கியதை மீண்டும் காட்சியாக அமைத்துப் படமெடுத்தார். 'வேர் தி பேர்ட்ஸ் நெவர் சிங்' என்ற அந்தத் தொகுப்பில் நிலக்காட்சி சாட்சியாக நிற்கிறது. பார்வையாளர் மரங்களை ரசிப்பதற்கு முன்பே, இங்கே என்ன நடந்தது என்று கேட்டுவிடுகிறார்.

இவற்றைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தவர் நம்மூர்ப் புகைப்படக்காரர் எம். பழனி குமார். 2022-இல் தயாநிதா சிங்–பாரி (கிராமப்புற இந்தியாவைப் பதிவுசெய்யும் இணைய இதழ்) ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர். ராமநாதபுரம் மாவட்டக் கடலில் பாசி எடுக்கும் பெண்களை அவர் பல ஆண்டுகளாகப் பின்தொடர்கிறார். புடவைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி. மூச்சைப் பிடித்து முங்கிப் பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் திணித்துக்கொண்டு மேலே வருகிறார்கள். தீகாவில் டிரைபாட் ஊன்றுகிறவர்கள் இந்தப் படங்களையும் கொல்கத்தாவின் ஒரு சுவரில் பார்க்க வேண்டும். ஹுரா, போஸ் படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டலாம்.