மூன்று வயல் ஊர்

லாக்ஸ்டன் என்றதும் எனக்கு முதலில் அந்த ஊரின் களிமண்தான் நினைவுக்கு வரும். நாட்டிங்ஹாமில் வேலை பார்த்த காலத்தில் ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, ஆலர்ட்டன் வழியாக அங்கே போனேன். மழை விட்டிருந்தது. வயலுக்குள் போகும் வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள், பூட்ஸுக்கு அடியில் இன்னொரு பூட்ஸ் முளைத்ததுபோல் செங்களிமண் அப்பிக்கொண்டது. ஒட்டினால் விடாத மண். எட்டு மாடு பூட்டி உழுத மண் என்று பிறகு படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் வேலி எதுவும் இல்லை என்பது உறைத்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புறம் என்றால் கட்டம் கட்டமாக வயல்கள், ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் புதர்வேலி. ரயில் ஜன்னலில் அதைப் பார்த்துப் பார்த்து, அந்த நாடு ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று நினைத்திருந்தேன். லாக்ஸ்டனில் நிலம் தடையில்லாமல் சரிந்து இறங்கி, மறுபடி ஏறி, வானத்தோடு சேர்கிறது. ஒரே வயல்போலத் தெரியும் அதற்குள் பல குடும்பங்களின் நீள நீளமான பட்டைகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. என் பட்டை எங்கே முடிகிறது, உன் பட்டை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல, மண்ணில் அடித்த ஒரு முளைக்குச்சிதான் சாட்சி.

மற்ற ஊர்களில் இத்தகைய திறந்த வயல்கள் எப்படிப் போயின என்பதைச் சொல்ல வேண்டும். 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அவற்றால் அடைபட்டது 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பொதுவில் மாடு மேய்த்தவர்களும் சுள்ளி பொறுக்கியவர்களும் ஒரு சட்டத்தின் கையெழுத்தில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக் கவிஞர் ஜான் கிளேர் தன் ஊர் நிலத்தை அடைக்க 1809இல் சட்டம் வந்தபோது பதினாறு வயதுப் பையன். வாழ்நாள் முழுக்க அந்த இழப்பையே எழுதினார். கிளேரைப் படித்துவிட்டு லாக்ஸ்டனுக்குப் போனதால்தானோ என்னவோ, அந்த வேலியற்ற சரிவு என்னை அவ்வளவு பாதித்தது.

லாக்ஸ்டன் தப்பியதற்கு யாருடைய பெருந்தன்மையும் காரணமில்லை. ஊரில் இரண்டு பெரிய நிலவுடைமைக் குடும்பங்கள்: மேன்வர்ஸ் பிரபுவின் குடும்பம் ஒன்று, ஸ்கார்பரோ பிரபுவின் குடும்பம் இன்னொன்று. நிலத்தை எப்படிப் பிரித்து அடைப்பது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பாதி வேலை நடந்து மீதி அப்படியே நின்றது. இன்று திறந்த வயலாக எஞ்சியிருப்பது சுமார் 480 ஏக்கர். மில் வயல், தெற்கு வயல், மேற்கு வயல் என்று மூன்று. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் சக்கரம் ஒரு படி நகரும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் ஒரு குடும்பத்தின் பட்டைகள் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடந்தன. அதனால் எவரும் தன் இஷ்டத்துக்குப் பயிர் வைக்க முடியாது. பக்கத்துப் பட்டை தரிசானால் உன்னுடையதும் தரிசு.

இதையெல்லாம் கட்டிக்காப்பது ஜூரி. நான் போனது நவம்பர் கடைசியில், ஜூரி வயலைச் சுற்றிப் பார்க்கும் நாள் முடிந்த கையோடு. முளைகள் புதிதாக வெட்டியவை, மரம் இன்னும் வெளுப்பு மாறவில்லை. அந்த வருடம் கோதுமை விதைத்த வயலை ஜூரிகள் நடந்தே சுற்றுகிறார்கள். எல்லோரும் அங்கே பயிர் செய்பவர்கள்தான். எவராவது பாதையை ஒரு சால் சேர்த்து உழுதிருக்கிறாரா, புல்வெளியைக் கடித்திருக்கிறாரா என்று பார்த்து, எல்லை தவறிய இடத்தில் முளை அடிக்கிறார்கள். அடுத்த வாரம் டவ்காட் இன் மதுக்கூடத்தில் கோர்ட் லீட் என்கிற ஜமீன் நீதிமன்றம் கூடும். தவறியவருக்கு அபராதம். தொகை சொற்பம், ஆனால் அதை விதிப்பவர் நாளைக் காலை எதிரே டிராக்டரில் வரப்போகிற மனிதர். தொன்மைக்காக நடத்திக் காட்டும் சடங்கு என்று இதை எண்ணிவிட வேண்டாம். 1977இல் இத்தகைய பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் நீக்கியபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது.

மதுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிறிய காட்சிக்கூடம். அங்கேதான் மார்க் பியர்ஸ் 1635இல் வரைந்த வரைபடத்தின் நகலைப் பார்த்தேன். மூலம் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையையும் மனிதர் வரைந்திருக்கிறார். அது மட்டுமா, இண்டு இடுக்கில் ஏர் பிடிக்கும் ஆட்கள், வேட்டைக்காரர்கள்! நிலத்தை அளக்க வந்தவருக்கு அதில் வேலை செய்கிறவர்களையும் வரையத் தோன்றியதே என்று வெகுநேரம் நின்றேன்.

வரையச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வணிகர், ஊரை விலைக்கு வாங்கியிருந்தவர். அந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று அன்றிரவு முழுக்க உறுத்தியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றில்தான். அதே 1635இன் கடைசியில் முதலாம் சார்லஸ் மன்னர், கம்பெனிக்குப் போட்டியாகக் கோர்ட்டனின் கூட்டுக்கும் கீழை நாடுகளில் வணிகம் செய்ய உரிமை கொடுத்தார். மறு வருடம் அவர்களுடைய கப்பல்கள் கோவாவை நோக்கிப் புறப்பட்டன. பிறகு கார்வார், பட்கல் என்று நம் மேற்குக் கரையில் கிடங்குகள். கோர்ட்டன் 1636லேயே இறந்துபோனார். ஆழமான கடனில் மூழ்கிய அந்த வணிகம் மறைந்தது. லாக்ஸ்டன் வரைபடம் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் செங்களிமண் எனக்கு அந்நிய மண்ணாகப் படவில்லை.

தேவாலயத்தில் ஓக் மரத்தில் செதுக்கிய பெண்ணின் உருவம் படுத்திருக்கிறது, எவரிங்ஹாம் குடும்பத்துப் பெண். வடக்கே நார்மன் காலத்துக் கோட்டையின் மண்மேடு. புல் மூடிக் கிடக்கிறது. இரண்டையும் வழிகாட்டி நூல்கள் பெரிதாகச் சொல்லும். எனக்கென்னவோ தெருதான் பெரிதாகத் தெரிந்தது. வயல் எல்லோருக்கும் பொதுவாக வெளியே இருந்ததால் பண்ணைவீடுகள் ஊருக்குள்ளேயே, தெருவை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. வேலியடைத்த ஊர்களில் விவசாயி தன் நிலத்தின் நடுவே தனியாக வீடு கட்டிப் போய்விட்டான். இங்கே கொட்டிலும் களமும் பக்கத்து வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு இருக்கின்றன. சுற்றித் திரியும் மாடுகளை அடைத்துவைத்த பட்டிகூட இருக்கிறது.

கோடையிலும் போயிருக்கிறேன். உழ முடியாத ஈரப்பள்ளங்களிலும் சரிவுகளிலும் விட்டுவைத்த புல்பட்டைகளைச் சைக் என்கிறார்கள். நூற்றாண்டுகளாக ஏர் படாத மண். முழங்கால் உயரப் புல்லில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூ. அந்தச் செடிகளுக்காகவே சட்டப் பாதுகாப்பு உண்டு. வருடாவருடம் அந்தப் புல்லை ஊரார் ஏலம் விடுகிறார்கள்.

ஊர் எல்லையிலேயே இன்னொரு இடம். ஒரு பழைய பண்ணைவீட்டை ஸ்மித் குடும்பத்தினர் 1995இல் யூத இனப்படுகொலையின் நினைவகமாகத் திறந்தார்கள். தோட்டத்தில் வெள்ளை ரோஜாக்கள். கொல்லப்பட்ட பதினைந்து லட்சம் குழந்தைகளுக்காக வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துச் சேர்த்த குவியல். நானும் வைத்தேன். ஐரோப்பாவில் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுத்த கதை உள்ளே; வெளியே, பக்கத்தவன் பட்டையை ஒரு சால்கூட மீறக் கூடாது என்று நடந்து பார்க்கும் ஊர். ஸ்மித் குடும்பத்தினர் இதை நினைத்தா அங்கே திறந்தார்கள்? இருக்காது. ஆனாலும் என் நினைவில் இரண்டும் பிரிவதில்லை.

1952இல் மேன்வர்ஸ் பிரபு ஊரை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச எஸ்டேட்டின் கைக்குப் போனது. அதுவும் விற்கப்போகிறது என்ற செய்தி 2018இல் வந்தபோது நான் இங்கிலாந்தை விட்டு வந்துவிட்டிருந்தேன், உறக்கம் பிடிக்கவில்லை. 2020இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிக்கொண்டது. உடைமையாளர் எத்தனை முறை மாறினாலும் வயலைக் காப்பது வரைபடத்தில் ஏர் பிடிப்பவர்களின் வாரிசுகள்தான் என்று நான் நம்புகிறேன். அதனால் இப்போது என் கவலை விற்பனையைப் பற்றியது அல்ல. அந்தக் களிமண்ணில் சின்னப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பம் நடத்துவது கடினம். ஜூரிக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கே ஏர் ஓட்ட ஆள் வேண்டும். அதற்குக் கட்டுப்படியாகிற குத்தகையையும் கோதுமைக்கு நியாயமான விலையையும் அந்த நாடு தந்தாக வேண்டும்.