கணக்குக் கேட்கும் உரிமை

சென்னை சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்திற்கு அருகே மணிக்கூண்டுடன் வெண்ணிற மாளிகை ஒன்று உயர்ந்து நிற்கிறது. ரிப்பன் கட்டடம் என்னும் அம்மாளிகையே மாநகராட்சியின் தலைமையகம். உள்ளாட்சியில் மக்களின் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்த ரிப்பன் பிரபுவின் பெயரை அது தாங்கியுள்ளது. கட்டடம் திறக்கப்பட்டது 1913இல். மாநகராட்சியோ 1688இலேயே தோன்றிவிட்டது.

உள்ளாட்சியைப் பற்றி அறிய அங்குச் செல்லும் மாணவர்களை முதலில் ஈர்ப்பது மாளிகையின் அழகு. மாமன்றக் கூடத்தைக் கண்டதும் அவர்களின் எண்ணம் மாறுகிறது. வார்டுக்கு ஒருவராக 200 உறுப்பினர்கள் கூடும் இடம் அது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பள்ளி, இடுகாடு என வாழ்வின் அன்றாடத் தேவைகளே அங்கு விவாதப் பொருள்கள். மழைநீர் வடியாத தெருவிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு அக்கூடம் வெறும் காட்சிப்பொருள் அன்று. தன் தெருவின் வடிகாலுக்கு நிதி ஒதுக்கப்பட்டதா, இல்லையா என்பது முடிவாகும் இடம்.

மாமன்றத்தின் ஒரு முடிவு எத்துணைப் பயன் தரும் என்பதற்கு வரலாறே சான்று. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய மாமன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வழங்க ஒப்புதல் அளித்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பதே அம்முடிவு. பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவர அந்த ஓரணா துணைநின்றது.

பொதுப்பணத்தைக் கையாள்வோர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையை விளக்குகிறது. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது என்று அது விதித்தது. ஆயினும், நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அன்று அவ்வாய்ப்பு இருந்தது. இன்று அந்த வாயில் அனைவர்க்கும் திறந்துள்ளது. பதினெட்டு வயதில் வாக்களிக்கலாம். இருபத்தொரு வயதில் போட்டியிடலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் சரிபாதி இடங்கள் மகளிர்க்கு உரியவை.

குறைகளைத் தெரிவிக்க மாநகராட்சி அளித்துள்ள தொலைபேசி எண்ணும் 1913 தான். அதனை அழைத்துத் தெருவின் குறையைப் பதிவு செய்யவும், செய்த பின் என்ன ஆயிற்று என வினவவும், வாக்குரிமை வரும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.