பட்டாளத்து பைலட்டும் ஆம்பூர் ஷூவும்!

சென்னையிலிருந்து பெங்களூரு ஹைவேல பஸ் பிடிச்சீங்கன்னா, வாலாஜா டோல்கேட் தாண்டினதும் கண்ணை மூடிக்கிட்டே ஊரைச் சொல்லிடலாம். மூக்கு போதும்! ராணிப்பேட்டை வந்தா கெமிக்கல் நெடி. மேல்விஷாரம், பேரணாம்பட்டு பக்கம் போனா பச்சைத்தோல் வாடை. ஆம்பூர் வந்தா, தோல் வாடையும் சீரக சம்பா பிரியாணி வாசனையும் கட்டிப் பிடிச்சு சண்டை போடும். கடைசியில் பிரியாணிதான் ஜெயிக்கும். கூடவே வர்ற கத்தரிக்காய் தொக்கை மிஸ் பண்ணாதீங்க பாஸ்.

காலையில் ஆறரை, ஏழு மணிக்கு இந்த ரோட்டைப் பார்க்கணும். கம்பெனி பஸ்கள் வரிசையா வரும். உள்ளே டிபன் பாக்ஸும் கையுமா பெண்கள். அவங்க தைக்கிற ஷூ ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கானு போகுது. வழக்கமா கன்டெய்னர்ல ஏறி, சென்னை துறைமுகம் போய், கப்பல்ல கிளம்பும். ஐரோப்பா போய்ச் சேர மூணு நாலு வாரம். 2023 கடைசியில் செங்கடல்ல கப்பல்கள் மேல தாக்குதல் ஆரம்பிச்சதும், பல கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போச்சு. அதுல இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் இழுத்தது.

ஷூவுக்கு ஒரு சீசன் இருக்கு. குளிர்கால பூட்ஸ் குளிர் விட்டப்புறம் போய் இறங்கினா யார் வாங்குவா? ஆர்டர் லேட்டாச்சுன்னா, "ஏர்ல போட்டு அனுப்பு, செலவு உன்னோடது"ம்பாங்க வாங்குறவங்க. கப்பல் வாடகையைவிட அது பல மடங்கு. ஆம்பூர்ல ஒரு கம்பெனி மேனேஜருக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்க "ஏர்" என்ற ஒரே வார்த்தை போதும்!

சரி, அந்த 'ஏர்'ஐ ஓட்டுறது யாரு? நான் இந்தப் பக்கம் வந்ததே அதுக்குத்தான்.

வேலூர் ஜில்லாவுக்கு இன்னொரு முகம் இருக்கு. பட்டாளம்! வேலூரிலிருந்து ஆரணி போற பக்கம் உள்ளே போனா கம்மவான்பேட்டை. 'ராணுவப்பேட்டை'னே சொல்றாங்க. வீட்டுக்கு ஒருத்தராவது ராணுவத்துல இருக்கிற, இல்லைன்னா இருந்துட்டு வந்த ஊர். இந்த மண்ணுக்கும் தோலுக்கும் சிப்பாய்க்கும் உள்ள தொடர்பு ரொம்பப் பழசு. 1806 ஜூலை 10 அன்னைக்கு வேலூர்க் கோட்டையில சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினாங்களே, அதுக்கு ஒரு காரணம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுத் தலைப்பாகை. அதில் வெச்சிருந்த சின்னம் தோல்ல செஞ்சது!

அந்தப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்ச்ல, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருத்தர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். "என் தம்பி ஒருத்தன் ஏர்ஃபோர்ஸ் பைலட் ஆகணும்னு இருக்கான் சார்"னு சொன்னதும் சிரிச்சார்.

"ஆவட்டும் தம்பி, நல்லதுதான். ஆனா பதினாலு வருசம் கழிச்சி இன்னா பண்ணுவான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோ. நான் சிப்பாயா சேர்ந்தவன். எனக்கு பென்ஷன் வருது. அவனுக்கு வராது!"

பொறி தட்டின மாதிரி இருந்தது. அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. டிகிரி முடிச்சு ஆஃப்கேட் எழுதி விமானப்படை பைலட் ஆகிறவங்களுக்கு ஷார்ட் சர்வீஸ் கமிஷன். மொத்தம் 14 வருஷம். நீட்டிப்பு கிடையாது. ஆபீசருக்கு பென்ஷன் வேணும்னா 20 வருஷம் சர்வீஸ் இருக்கணும். ஜவானுக்கு 15 வருஷம். (2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்துல சேர்றவங்களுக்கு நாலே வருஷம், நாலுல ஒரு பங்கு பேரைத்தான் மேற்கொண்டு வெச்சுக்குவாங்க. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்ல இது எவ்வளவு பெரிய மாற்றம்னு யோசிச்சுக்கோங்க.)

கணக்குப் போடுங்க. 23 வயசுல ஃப்ளையிங் ஆபீசரா சேர்ந்தா 37-ல் வெளியே. அப்போ விங் கமாண்டர். கல்யாணம், குழந்தை, ஹவுசிங் லோன் எல்லாம் வந்திருக்கும். சிவில் விமானத்துல 65 வயசு வரை ஓட்டலாம். ஆக, இன்னும் 28 வருஷம் மிச்சம்! அந்த 28 வருஷத்தை எங்கே பறக்கிறது?

பயணிகள் விமானம்னு எல்லாரும் சொல்லுவோம். ஆனா இன்னொரு கதவும் இருக்கு. சரக்கு! அதுலயும் ரெண்டு வகை. ஒண்ணு, தினமும் அதே நேரம், அதே ஊர்னு போற கொரியர் விமானம். சென்னையைத் தலைமையிடமா வெச்சு 1996-லிருந்து பறக்கிற ப்ளூ டார்ட் ஏவியேஷன் அந்த ரகம். இன்னொண்ணு, கூப்பிட்டா வர்ற விமானம். ஆம்பூர்ல வீடு மாத்தணும்னா ஸ்டாண்டுக்குப் போய் 'குட்டி யானை'யை வாடகை பேசுறோமே, அதே கதைதான். குட்டி யானைக்குப் பதிலா போயிங்!

இது நம்ம ஊர்ல நடக்குமான்னு கேட்டா, நடந்திருக்கு. 2025 மார்ச், ஏப்ரல்ல அமெரிக்கா புது வரி போடப்போகுதுன்னதும், ஆப்பிள் கம்பெனி சென்னையிலிருந்து தனி சரக்கு விமானங்களை வாடகைக்கு எடுத்து சுமார் 600 டன் ஐபோன்களை அமெரிக்காவுக்கு அனுப்பினதா ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது. டைம் டேபிள்ல இல்லாத விமானம். போன் அடிச்சதும் வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருளுக்கு 50% வரினு வந்தப்போ, ஆம்பூர்ப் பக்கம் அடி விழுந்தது ஷூவுக்கு. ஐபோனுக்கு இருக்கிற லாபம் செருப்புக்கு இல்லை. தனி விமானம் எல்லாம் தாங்காது. ஒரு போயிங் 737-800 சரக்கு விமானம் 20 டன்னுக்கு மேல தூக்கும். பெட்டியோட ஒரு ஜோடி ஒரு கிலோனு வெச்சா, எடைக் கணக்குல 20,000 ஜோடி. அத்தனையையும் வித்து வர்ற லாபத்தை விமானமே தின்னுடும்!

இப்போ அரக்கோணம் வாங்க. 2019 வரைக்கும் வேலூர் மாவட்டம், இப்போ ராணிப்பேட்டை மாவட்டம். அங்கே இருக்கு ஐ.என்.எஸ். ராஜாளி. இரண்டாம் உலகப்போர் காலத்து விமானத்தளம், 1992-ல் கடற்படைத் தளமாச்சு. ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கு மேல! உள்ளே போக நமக்கு அனுமதி இல்லை. ரயில்ல வரும்போது தலைக்கு மேல சாம்பல் கலர்ல ஒண்ணு தாழ்வா இறங்கும் பாருங்க, அது பி-8ஐ. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் பிடிக்கிற விமானம். 2013-லிருந்து இங்கே இருக்கு.

அந்த பி-8ஐ இருக்கே, அதோட உடம்பு போயிங் 737-800! ஆம்பூர் ஷூ பெட்டி ஏறினாலும் ஏறலாம்னு சொன்னேனே, அதே குடும்பம். ஆக, ராஜாளியில பி-8ஐ ஓட்டின ஒருத்தருக்கு அந்த காக்பிட் அந்நியமில்லை. ஆக்ரா, சண்டிகர்ல ஏஎன்-32, ஐஎல்-76 ஓட்டினவங்களுக்கு வேலையே அந்நியமில்லை. 'கூப்பிட்டா கிளம்பு'ங்கிறது அவங்களுக்குப் பழகின பாட்டு. லே, சியாச்சின் பக்கம் அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் போய்ச் சேர்றது அப்படித்தான். 2021 ஏப்ரல்ல காலி ஆக்சிஜன் டேங்கர்களை சி-17ல ஏத்திக்கிட்டு ராவும் பகலும் பறந்தாங்களே, அதுவும் அவசர சரக்குதானே?

இதுக்காக லைசென்ஸ் தானா வந்து மடியில விழாது. சீருடையில எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் வேற. ஏர் ரெகுலேஷன், வானிலை, நேவிகேஷன்னு பரீட்சை எழுதணும். மெடிக்கல் தேறணும். கேப்டன் ஆகறதுக்கான ஏ.டி.பி.எல். வேணும்னா 1,500 மணி நேரம். பட்டாளத்துல பறந்த மணி நேரம் கணக்குல வரும், நிம்மதி. அப்புறம் ஓட்டப்போற விமானத்துக்குத் தனி டைப் ரேட்டிங். சொந்தக் காசுன்னா பல லட்சம். ஒத்தை ஆள் ஓட்டுற ஃபைட்டர்ல இருந்தவங்களுக்கு ரெண்டு பேர் ஓட்டுற பெரிய விமானம் புதுப் பழக்கம். ஹெலிகாப்டர் ஆசாமிகளுக்கு இன்னும் தூரம், இறக்கை வெச்ச விமானத்துக்குத் தனியா லைசென்ஸ் எடுக்கணும்.

இதைவிடக் கஷ்டம் ஒண்ணு இருக்கு. நேத்து வரை சல்யூட் வாங்கின விங் கமாண்டர், இன்னைக்கு வலது பக்க சீட்டுல துணை விமானி. இடது சீட்டுல இருக்கிற கேப்டனுக்கு வயசு முப்பது!

சரக்கு வேலைன்னா ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது கிளம்பி, பால்காரர் வரும்போது இறங்கணும். 'கூப்பிட்டா வர்ற' ரகத்துல நாளைக்கு எங்கே இருப்போம்னு இன்னைக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2014-ல் பைலட் ஓய்வு நேர விதிகளைக் கடுமையாக்கினப்போ, சரக்கு பைலட்டுகளை அந்த விதியிலிருந்து விலக்கி வெச்சுட்டாங்க. பெட்டிகளை ஓட்டுறவனுக்கும் தூக்கம் வரும்தானேன்னு அங்கே பைலட் சங்கங்கள் இன்னும் சண்டை போடுது. எனக்கு அவங்க பக்கம்தான் நியாயம் தெரியுது.

கம்பெனி நிக்குமாங்கிறதும் பெரிய கேள்வி. 'சூரரைப் போற்று' பார்த்திருப்பீங்க. நிஜ கேப்டன் கோபிநாத் பைலட் இல்லை, ராணுவத்துல இருந்தவர். படத்துலதான் ஏர்ஃபோர்ஸ். 1997-ல் ராணுவ ஹெலிகாப்டர் பைலட்டா இருந்த நண்பர் சாமோட சேர்ந்து, வாடகைக்குக் கூப்பிட்டா வர்ற ஹெலிகாப்டர் கம்பெனி ஆரம்பிச்சார். படம் அதுக்கப்புறம் வந்த ஏர் டெக்கானோட நின்னுடுது. 2009-ல் நாக்பூரை மையமா வெச்சு 'டெக்கான் 360'னு சரக்கு விமானமும் விட்டார். 2011-லேயே நின்னுபோச்சு. அதை நம்பி வந்த பைலட்டுகள் திரும்ப வேலை தேடினாங்க.

ஜெயிச்ச கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போர்ல சீனா, பர்மா வானத்துல ஜப்பானோட மோதின 'ஃப்ளையிங் டைகர்ஸ்' அமெரிக்க பைலட்டுகள்ல சிலர், 1945-ல் போர் முடியற சமயம் காசைப் போட்டு, கடற்படை கழிச்சுவிட்ட 14 விமானங்களை வாங்கி சரக்கு ஏத்த ஆரம்பிச்சாங்க. அந்த ஃப்ளையிங் டைகர் லைன் நாப்பது வருஷத்துக்கு மேல பறந்து, 1989-ல் ஃபெடெக்ஸோட கலந்தது. அந்த ஃபெடெக்ஸை ஆரம்பிச்ச ஃப்ரெட் ஸ்மித்தும் வியட்நாம் போர்ல இருந்துட்டு வந்தவர்தான்.

என்னைக் கேட்டா, வெளியே வர்ற பட்டாளத்து பைலட்டுக்கு முதல்ல கொரியர் விமானம் நல்லது. ராத்திரி வேலைன்னாலும் நேரம் தெரியும், பெரும்பாலும் அதே ஊர்கள்தான். 'கூப்பிட்டா வர்ற' வேலை, கையில கொஞ்சம் சேமிப்பும் வீட்டுல ஒத்துக்கிற ஆளும் இருக்கிறவங்களுக்கு. சம்பளத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடி 'உங்ககிட்ட எத்தனை விமானம் சொந்தமா இருக்கு, மாசத்துல எத்தனை நாள் வீடு?'ன்னு கேட்கணும்.

திரும்பி வர்றப்போ, வேலூரைத் தாண்டி பள்ளிகொண்டா போற வழியில அப்துல்லாபுரத்துல இறங்கினேன். அங்கே ஒரு விமான ஓடுதளம் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துது. உடான் திட்டத்துல சின்ன விமானங்களுக்காக அதைச் சீரமைச்சாங்க. நீளம் ஒரு கிலோமீட்டர் தேறாது. சரக்கு 737 இறங்க ரெண்டு கிலோமீட்டராவது வேணும். அதனால ஆம்பூர் ஷூ அவசரத்துக்கும் லாரி ஏறி மீனம்பாக்கம்தான் போகணும். எதிர்த்தாப்ல ஹைவேல லாரிகள் வரிசையா போய்க்கிட்டிருந்தது. காலேஜ் பையன்கள் நாலு பேர் வேலியோரமா பைக்கை நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, ஆஃப்கேட்டுக்கு எத்தினி பர்சன்ட் வேணும்?"

"டிகிரியில அறுபது. பிளஸ் டூல மேத்ஸ், பிசிக்ஸ் இருந்திருக்கணும். வயசு 20-லிருந்து 24. வருஷத்துக்கு ரெண்டு தடவை நோட்டிபிகேஷன் வரும்"னேன்.

"எங்கிட்ட ஒரு அரியர் இருக்குதுண்ணா"ன்னான். மத்த மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.