நண்பரின் பழைய விமானம்

பதுங்குகுழிக்குள் என்னருகே ஒடுங்கிக் கிடந்த பள்ளித்தோழர் கனடாவில் சொந்தமாக விமானம் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. 1974ஆம் ஆண்டின் செஸ்னா 172. நான்கு இருக்கைகள், 150 குதிரைவலு. 2023 நவம்பரில் மார்க்கம் நகரின் பட்டன்வில் விமான நிலையம் மூடப்பட்டதால் அதை ஒஷாவாவுக்குக் கொண்டு சென்றிருந்தார்.

மறுவருடம் வருடாந்தப் பரிசோதனையின்போது நானும் உடனிருந்தேன். பொறியியலாளர் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 இறாத்தல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். மூன்றில் குறையில்லை. நான்காவதில் மானியின் முள் 50ஐயும் எட்டவில்லை. புகைக்குழாயில் காதை வைக்கச் சொன்னார். மெல்லிய சீறல், வெளியேற்று வால்வு கசிகிறது. (எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையங்களில் பழுதாம்.)

நண்பரோ பழைய வட்டமானிகளை அகற்றி மின்னணுத் திரை பொருத்தவெனப் பணம் சேர்த்திருந்தார்.

"திரையைப் பிறகு பாரும் ஐசே" என்றேன்.

அவரது தந்தை பொருளாதாரத் தடைக் காலத்தில் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்; உடைந்ததற்கெல்லாம் கைவைத்தியம் வைத்திருந்தார். விமானத்தில் அது நடவாது. மாற்றும் பாகத்துக்கு ஆதாரப் பத்திரம் வேண்டும். உரிமம் பெற்றவர் ஒப்பமிட வேண்டும்.

சேர்த்த பணம் சிலிண்டருக்குப் போயிற்று. மிச்சத்தில் 406 மெகாஹேட்ஸ் அவசர ஒலிபரப்பி ஒன்றும் வாங்கினார். பழைய கருவியின் 121.5 அலைவரிசையைச் செய்மதிகள் 2009லேயே கைவிட்டுவிட்டன. விழுந்தால் யாருக்குக் கேட்கும்?

வேலை முடிந்த பின்னர் என்னையும் ஏற்றிக்கொண்டார். இயந்திரம் உறுமியதும் என் தலை பழைய வழக்கத்தில் தானாகக் குனிந்தது. கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.