ஒத்திகையில் இல்லாத ஆபத்து

பெரிய மருத்துவமனைகளின் ஒலிபெருக்கியில் ‘கோட் ப்ளூ’ என்று சொன்னால், யாருக்கோ இதயம் நின்றுவிட்டது என்று பொருள். ‘கோட் ரெட்’ என்றால் தீ. பல இடங்களில் ‘கோட் பிங்க்’ என்றால் குழந்தையைக் காணவில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் யார் ஓட வேண்டும், யார் கதவை அடைக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். யோசிக்க நேரமில்லாதபோது யோசிக்காமல் சரியாகச் செய்வதற்குத்தான் இந்த ஏற்பாடு.

பம்மல், பொழிச்சலூர் பக்கம் பள்ளிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போவது என் வேலையில் ஒரு பகுதி. தீ என்றால் விடாமல் மணி அடிக்க வேண்டும், பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும், வருகைப் பதிவேட்டை வைத்துத் தலையெண்ண வேண்டும். ஆசிரியர்கள் ஆர்வமாகவே செய்கிறார்கள். கடைசியில் நான் ஒன்று கேட்பேன்: “ஒரு பையனைச் சாதி சொல்லி அடித்தால் எந்த மணி அடிப்பீர்கள்?” ஒரு பள்ளியில் வந்த பதில்: “அதெல்லாம் தெற்கே மேடம், இங்க கிடையாது.”

தெற்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனை, உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன் அவன் சில நாள் பள்ளிக்கே வரவில்லை. துன்புறுத்தலைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது. நம் கண்ணில் பட்டது அரிவாள் மட்டும். அபாய மணி அடித்திருக்க வேண்டியது அவன் வகுப்புக்கு வராத முதல் நாளில். புகார் சொன்ன பிள்ளையை அன்று மாலை யார் பாதுகாப்பாக வீட்டில் சேர்ப்பது, இரவு யார் காவல், யார் போலீசுக்குத் தகவல் சொல்வது என்று எழுதி வைத்த திட்டம் நம் பள்ளிகளில் எங்கே இருக்கிறது?

மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறும் நிறக் குறியீடுதான். அதைக் கண்காணிக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கியது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுகளுக்குத் தடை வேண்டும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு வகுப்பறைகளின் கீற்றுக் கூரைகளை அரசு அகற்றியது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

“இங்க கிடையாது” என்றவருக்கு எங்கள் ஊரைச் சொன்னேன். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. அனகாபுத்தூர், பொழிச்சலூர், கவுல் பஜார் கரையோரம் மூழ்கியது. தாழ்வான நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கம் நிவாரண லாரி மெயின் ரோட்டோடு நின்றது, தெருவுக்குள் வரவில்லை. வெள்ளம் வடிந்ததும் பல மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பலர் கையுறைகூட இல்லாமல் மலத்தையும் செத்த மாடுகளையும் அள்ளினார்கள். திட்ட ஏட்டில் அது ‘தூய்மைப் பணி’ என்று ஒரே வரி. அந்த வரிக்குள் இருப்பது யாருடைய கைகள்?

தோழர்களே, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 61: நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதிப் பாகுபாடு கூடாது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 15: சாதிக் கொடுமைக்கும் மாநில அரசு முன்கூட்டியே திட்டம் வைத்திருக்க வேண்டும். புயலுக்கும் தீக்கும் இருப்பதுபோல இதற்கும் திட்டம் வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல.

எனவே உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்துப் போங்கள். மூன்று கேள்விகள் போதும். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் எத்தனை நாளில் வீட்டுக்கு ஆள் போகும்? சாதிப் புகார் வந்தால் அன்றே யார் பொறுப்பு? வெள்ளம் வந்தால் நம் தெருவுக்கு யார் வருவார்? பதிலைப் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். 1098, 14417, வன்கொடுமைகளுக்கான 14566 ஆகிய எண்களை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போங்கள்.